சொல்லிவிட்டு மாற்றுகிறவள்

வந்த அன்றைக்கே அவளை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் இதுதான்: என் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள்.

கேட்டாள் என்றா சொன்னேன்? தப்பு. கேட்கவில்லை, சொன்னாள். "அக்கா, இந்தச் சேர்ல உக்காரப் போறேனுங்க." சொல்லிவிட்டு, நான் தலையாட்டுகிற வரைக்கும் சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் பொத்தென்று உட்கார்ந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இப்படி மரியாதையாக வந்து நிற்கிறவளை என்ன செய்வது? தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அது லேசுப்பட்ட நாற்காலி இல்லை. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில் இருக்கிற ஒரு கோழித்தீவன மில்லில், கண்ணாடி அறைக்குள், கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டிருக்கிற ஒரே நாற்காலி. பத்து வருசமாக அதில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் எல்லாம் மேலே தொட்டிகளில் நிறைந்திருக்கும். எதில் எவ்வளவு எடுத்துக் கலக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குச் சொல்வது டிஸ்க். குஞ்சுத் தீவனத்துக்கு ஒன்று, வளரும் கோழிக்கு ஒன்று, முட்டைக் கோழிக்கு ஒன்று, ஆக மூன்று டிஸ்க். எந்தக் காலத்திலோ எழுதின புரோகிராம் அது. எழுதிக் கொடுத்த கம்பெனியே மூடிப் போய்விட்டது. டிரைவில் டிஸ்க் இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும்.

தீவன மில்லில் மாவுத் தூசிக்கு அளவே கிடையாது. தூசி போய் டிரைவின் கண்ணை மறைத்துவிடும், டிஸ்க்கைப் படிக்காது. இடது பக்கம் இரண்டு தட்டு, கொஞ்சம் சாய்ந்து ஒரு ஊது, பிறகு டிரைவின் தட்டைப் பாதி தள்ளி நிறுத்தி அப்புறம் முழுசாகத் தள்ளினால் படிக்கும். அந்தப் பக்குவம் என் கைக்கு மட்டும்தான் வரும். மூன்று டிஸ்க்கையும் பிஸ்கட் டப்பாவில் வேட்டித் துணி சுற்றி என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். மில்லுக்காரரை எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெரியவரே என்னிடம் வந்து, "அம்மிணி, முட்டக்கோழிக்கு மாத்தோணும், சித்த வாரியா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். லோடுமேன்கள் எனக்கு 'டிஸ்க் அம்மிணி' என்று பேர் வைத்திருந்தார்கள். கோபித்துக்கொள்கிற மாதிரி நடிப்பேன். உள்ளுக்குள் அவ்வளவு இனிப்பாக இருக்கும்.

அந்த டிரைவ் ஒரு நாள் என் தட்டுக்கும் மசியாமல் அடியோடு படுத்துவிட்டது. சேலத்திலிருந்து பழைய டிரைவாக நாலு வாங்கிப் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் மாதம் தாண்டவில்லை. அப்போது யாரோ பெரியவர் காதில் ஓதிவிட்டார்கள்: குமாரபாளையத்தில் ஒரு பெண் இருக்கிறாள், தறியில் இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டுகளையெல்லாம் சரி செய்கிறாள் என்று. பஸ் ஏறி வந்தாள். என்னைவிட இரண்டு வயசு சின்னவளாக இருப்பாள். சுடிதாருக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை, கையில் ஒயர்க் கூடை. கூடைக்குள் சோற்றுப் போசி, சால்டரிங் அயர்ன், மீட்டர் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இடது கை மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

இரண்டே நாளில் வேலையை முடித்தாள். டிரைவைக் கழற்றிவிட்டு அதே ஒயரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை மாட்டினாள். உள்ளே ஒரு போர்டு, ஒரு மெமரி கார்டு. மூன்று டிஸ்க்கில் இருந்ததும் கார்டுக்குள் ஏறிவிட்டது. தன்னோடு பேசுவது பழைய டிரைவ்தான் என்று கம்ப்யூட்டருக்கு நினைப்பு. முன்பக்கம் ஒரு பொத்தான், ஒரு விளக்கு, 1, 2, 3 என்று எண் காட்டும் ஒரு சின்னக் கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் டிஸ்க் மாறும், டிஸ்க்கே இல்லாமல்! ஊத வேண்டாம், தட்ட வேண்டாம். லோடுமேன்கூட அழுத்தலாம். என் பிஸ்கட் டப்பா அன்றோடு வெறும் பிஸ்கட் டப்பா ஆகிப்போனது. எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவள் நினைக்கவில்லை. அதற்கு மேலும் நாலு நாள் வந்து உட்கார்ந்தாள். எதற்கு என்று பெரியவர் கேட்டதற்கு அவள் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"டிஸ்க் மாறுனத இது கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லோணுமுங்க ஐயா. கம்ப்யூட்டரு ஒருக்காப் படிச்சா, உள்ள என்ன இருக்குதுன்னு மனசுல வெச்சுக்குமுங்க. மறுக்கா எட்டிப் பாக்காது. பழைய டிரைவுல தட்டு வெளிய வந்துச்சுன்னா, ஓ, டிஸ்க்க எடுத்துட்டாங்கன்னு அதுக்குத் தெரியும், மனசுல இருக்கறத அழிச்சுப்போடும். இதுல தட்டே இல்லீங்களே. நாமதான் சொல்லோணும். மொதல்ல, டிஸ்க் இல்லைன்னு சொல்லோணும். அதக் காதுல வாங்கறதுக்குக் கொஞ்சம் நேரங் குடுக்கோணும். அப்பறம், புது டிஸ்க் வந்திருக்குது, படிச்சுக்கன்னு சொல்லோணும்."

"சொல்லலீன்னா?"

"நாம மாத்திட்டம்னு நாம நெனைப்பமுங்க. அது பழசையே கலக்கிட்டு இருக்கும்."

அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவள் கண்டுபிடித்த கணக்கு பதினோரு நொடி. எட்டு நொடியில் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் சில நேரம் கேட்கவில்லையாம், பத்தில் கூட ஒரு தடவை தவறியதாம். நாலு நாளும் அழுத்தி அழுத்திப் பார்த்துப் பதினொன்றில் நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு சிவப்பாகும், பதினோரு நொடி கழித்துத் திரும்பப் பச்சையாகும்.

போகிற அன்று பெட்டியைத் திறந்து ஓரத்தில் இருந்த ஒரு கடுகத்தனை சுவிட்சை என்னிடம் காட்டினாள். "அக்கா, இது நான் டெஸ்டுக்கு வெச்சதுங்க. இந்தப் பக்கம் தள்ளுனா, சொல்லாம மாத்தும். தள்ளீராதீங்க. தள்ளறதா இருந்தா எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க." அவள் சுபாவம் அது. எதைச் செய்தால் கெட்டுப்போகும் என்பதைக்கூட ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். மில்லில் இருந்த மற்ற போர்டுகளையும் பெரியவர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குக் கண்ணில் மிளகாய்ப்பொடிதான்.

அவள் எதையும் சொல்லாமல் மாற்ற மாட்டாள். ஃபேனைக் குறைக்கும் முன், "ஃபேனக் கொறைக்கறேனுங்க." ஜன்னலைச் சாத்தும் முன், "சன்னல் சாத்தறேனுங்க." வாசலில் கிடக்கிற செருப்பை ஓரமாகத் தள்ளினால், அது யாருடையது என்று விசாரித்து, "உங்க செருப்பு செவுத்தோரமா இருக்குதுங்க" என்று போய்ச் சொல்லிவிட்டு வருவாள். போன் செய்வதற்கு முன்னால் வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் வரும்: "அக்கா, இப்பக் கூப்புடப் போறேனுங்க." உடனே போன் அடிக்கும். ஒரு தடவை காதில் தோட்டை மாற்றிக்கொண்டு வந்தவள், மில்லில் மதியக் குழம்பு வைக்கிற சமையல்காரம்மாவிடம், "தோடு மாத்திப்போட்டேனுங்க, வேற ஆளுன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். அந்தம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போய், அவளுக்கு ஒரு கரண்டி குழம்பு அதிகமாக ஊற்றினார். பத்து வருசம் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு ஒரு நாள் அதிகமாக ஊற்றினது கிடையாது.

சாயங்காலம் கிளம்புவது ஒரு பெரிய கூத்து. சமையல்காரம்மாவிடம் ஒரு "போயிட்டு வாரேனுங்க", எடை மேடைக்காரரிடம் ஒன்று, லோடுமேன்களிடம் தனித்தனியாக, வாட்ச்மேனிடம் ஒன்று, பெரியவரிடம் ஒன்று. கடைசியில் என் நாற்காலிப் பக்கம் வந்து, "அக்கா, போயிட்டு வாரேனுங்க." நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பேன். அதைக் கேட்டபிறகுதான் நகருவாள். இதற்குள் குமாரபாளையம் பஸ் போயிருக்கும். நின்று அடுத்த பஸ்ஸில் போவாள்.

மில்லுக்குப் பின்னால் பெரியவரின் கோழிக் கொட்டாய் இருக்கிறது. முட்டைக் கோழி இருக்கிற கொட்டாய்க்குள் திடீரென்று யாராவது நுழைந்தால் கோழிகள் மிரண்டு கூண்டுக்குள் மோதிக்கொள்ளும், முட்டை உடையும். அதனால் வேலைக்காரர்கள் வாசலிலேயே கையைத் தட்டி, கனைத்து, குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். புதுக் கலரில் துணி போட்டுக்கொண்டு போனால் அதற்கும் மிரளும். அங்கே ஒரு விளக்கு டைமர் கெட்டுப்போய், அவளையும் என்னையும் பெரியவர் அனுப்பினார். நான் நேராகப் போய்விட்டேன். ஆயிரம் கோழி ஒரே நேரத்தில் றெக்கையை அடித்துக்கொண்டு கூண்டில் மோதின. அவள் என்னை வெளியே இழுத்துவிட்டு, வாசலில் நின்று மெதுவாகக் கையைத் தட்டி, "வாரேனுங்க, வாரேனுங்க" என்று கோழிக்கும் 'ங்க' போட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். யாரும் சொல்லித் தரவில்லை அவளுக்கு. ஒரு கோழி கழுத்தை நீட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். கொட்டாய் மேஸ்திரி, "இதுதாண்டா ஆளு" என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

விரல் எப்படிப் போனது என்று ஒரு நாள் நானே கேட்டேன். தறிக் கொட்டாயில் போர்டு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கரண்ட் வந்துவிட்டது என்று யாரோ சுவிட்சைப் போட, தறி ஓடி விரலைக் கொண்டுபோய்விட்டது.

"யாரு போட்டது?"

"போட்டவங்க சொல்லலீங்க."

"கண்டுபிடிக்கலியா?"

"தெரியுமுங்க எனக்கு." அவ்வளவுதான் சொன்னாள். பேரைச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். சீ, என் புத்தியைப் பாருங்கள், அந்த அரை விரல் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. என்னிடம் அப்படி ஒரு கதை இல்லையே என்று.

யாரையும் அவள் காட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு மழை நாளில் வாட்ச்மேன் தன் குடை என்று நினைத்துப் பெரியவர் குடையை எடுத்து வைத்துக்கொண்டார். பெரியவர் மில் முழுக்கத் தேடினார். இவள் பார்த்திருக்கிறாள். வாட்ச்மேனிடம் போய் மெல்ல, "அண்ணா, கொடைய மாத்தி எடுத்துட்டீங்க, நீங்களே சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். "நீதான் பாத்தியே, பெரியவர்கிட்ட நீயே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"மாத்துனவங்க சொன்னாத்தானுங்க அக்கா அது சேதி. பாத்தவங்க சொன்னா அது கோளு."

அவளைவிட நான் ஒரு படி மேலே நின்றது ஒரே ஒரு நாள்தான். பெரியவரின் அக்கா தவறிப்போனார். பக்கத்து ஊர்தான், மில்லிலிருந்து எல்லாரும் போயிருந்தோம். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்தான். ஆனால் முடியவில்லை. நாங்கள் எல்லாரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகும் அவளைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தால், பந்தலில் சேர்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். முன்னமே டம்ளர் எல்லாம் கழுவி வைத்துவிட்டாளாம். மூன்று தடவை வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனாளாம்.

"என்ன பண்ணிட்டிருக்கறே?"

"சொல்லாமப் போகத் தெரியலீங்க அக்கா." கண்ணில் தண்ணீர் நின்றது.

எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "யாரு மொகத்தையும் பாக்காத. செருப்ப மாட்டு. திரும்பாம நட. அவ்வளவுதான், இதுல ஒண்ணும் இல்ல." கன்றுக்குட்டி மாதிரி என் பின்னால் வந்தாள். அடுத்த வாரம் முழுக்க எனக்கு அவள் மேல் கோபமே இல்லை. வெள்ளிக்கிழமை என் டப்பாவிலிருந்து அவளுக்குப் பொரியல் வைத்தேன். "அக்கா வெச்ச பொரியலுங்க" என்று அதையும் சமையல்காரம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

அந்த நல்ல புத்தி எனக்கு நீடிக்கவில்லை. ஒரு நாள் பெரியவர் யாரோ ஒரு பண்ணைக்காரரிடம் என் காதுபடச் சொன்னார்: "அந்தப் புள்ள வந்தப்பறந்தான் நான் நிம்மதியாத் தூங்கறேன்." பத்து வருசமாக என்ன, பாம்பையா பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார்? என் பேரில் சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும், அவள் செய்ததில் ஒரு குறையைக் கண்டுபிடித்து நான் சரி செய்ததாக இருக்க வேண்டும் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன குறை இருந்தது? அந்தப் பதினோரு நொடிதான் இருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்து அந்தச் சுவிட்சைத் தள்ளினேன். பொத்தானை அழுத்தினேன். மூன்று சட்டென்று ஒன்றானது. விளக்கு சிவப்பாகவே இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போன் பண்ணிச் சொல்லச் சொல்லியிருந்தாள், சொல்லவில்லை. பெரியவரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வருவாள், அவளை வைத்துக்கொண்டு, பெரியவர் முன்னால், "நொடிக்கணக்கா நிக்க வேண்டாமுங்க, நான் சரி பண்ணிட்டேன்" என்று சொல்ல வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தேன். அவள் முகம் எப்படிப் போகும் என்று படுத்துக்கொண்டு நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை. அந்த நாலு நாளும் நாளுக்கு ஒரே தீவனம்தான் ஓடியது. காலையில் கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்பே அன்றைய டிஸ்க்கின் எண்ணுக்கு மாற்றிவிடுவேன், அதனால் எழும்போதே அது சரியானதைப் படித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் முட்டைக் கோழித் தீவனம் ஓட்டினோம். பதினோரு மணிக்குக் குஞ்சுத் தீவனம் கேட்டு ஆள் வந்தார். எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரு புருசன் பெண்டாட்டி, முதல் தடவையாகக் குஞ்சு விட்டிருந்தார்கள், மூன்று வாரக் குஞ்சு. பொத்தானை அழுத்தினேன். ஒன்று காட்டியது. திரையில் எப்போதும் போல 'டிஸ்க் சரி' என்று வந்தது. அந்தப் புரோகிராம் எந்த டிஸ்க் என்று என்றைக்கும் காட்டாது. ஓட்டிவிட்டேன்.

மூட்டை பிடித்த லோடுமேன் உள்ளே தலையை நீட்டினான். "அம்மிணி, மாவுல கிளிஞ்சி ஜாஸ்தியாத் தெரியுதே?"

"மெஷினு போட்டது சரியாத்தான் இருக்கும். நீ மூட்டையத் தைய்யி" என்றேன். முட்டை ஓட்டுக்காக முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சலை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, அதிகமாகப் போடுவோம். அதைக் குஞ்சு தின்றால் அதன் சிறுநீரகம் தாங்காது. இது எனக்குத் தெரியாதது இல்லை. மில்லில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமையே வாய்ஸ் வந்துவிட்டது: "அக்கா, நாளைக்கு வரலீங்க. பள்ளிபாளையத்துல ஒரு வேல. அடுத்த வெள்ளிக்கெழம வாரேனுங்க." சரி, என் பேச்சும் அடுத்த வாரம் ஆகட்டும் என்று தள்ளி வைத்தேன்.

அதற்கு முன் எருமப்பட்டிக்காரி வந்துவிட்டாள். தலையில் ஒரு கூடை. கூடை நிறையச் செத்த குஞ்சு. டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தாராம், ஈரல், இருதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக இருந்ததாம். "கொட்டாயில பாதிக்கு மேல போயிருச்சுங்க சாமி" என்று பெரியவர் காலடியில் கூடையை இறக்கினாள். மீதி இருந்த மூட்டையைப் பிரித்துக் கையில் எடுத்ததுமே பெரியவருக்கு விசயம் விளங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, எண்ணப் பாத்துத்தான அழுத்துன?"

"ஒண்ணுதானுங்க காட்டுச்சு" என்றேன். சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

அவளுக்குப் போன் போனது. இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றாள். "பொட்டியத் தொறக்கறேனுங்க" என்று சொல்லித் திறந்தாள். சுவிட்சைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவர் வெளியே அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி அறைக்குள் நானும் அவளும்தான்.

"அக்கா, இத நீங்க மாத்துனீங்களா?"

"எனக்கென்ன தெரியும்?"

அவள் சத்தம் போடவில்லை. "நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேனுங்க" என்று மட்டும் சொன்னாள். போய் எடை மேடைப் பக்கம், ஒயர்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? வாட்ச்மேனுக்குக் கொடுத்த அவகாசம் அது. பெரியவர் மூன்று தடவை உள்ளே வந்தார். ஒரு தடவை தண்ணீர் குடிக்க, ஒரு தடவை போன் சார்ஜரைத் தேடி, ஒரு தடவை சும்மா. மூன்று தடவையும் வாயைத் திறந்தேன். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும், அவள் வந்து அதில் உட்காருவாள், உட்காருவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட்டு உட்காருவாள். அதை நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது.

சாயங்காலம் பெரியவர் அவளைக் கூப்பிட்டார். எருமப்பட்டிக்காரி நின்றிருந்தாள், லோடுமேன்கள் நின்றிருந்தார்கள்.

"என்ன சாமி ஆச்சு?" என்று அவளைக் கேட்டார்.

"டிஸ்க் மாறுனத பொட்டி சொல்லலீங்க ஐயா. கம்ப்யூட்டரு பழசையே கலக்கிருச்சுங்க."

"உன்ற பொட்டிதான?"

கண்ணாடி அறைக்குள் இருந்த என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

"என்ற பொட்டிதானுங்க" என்றாள்.

எருமப்பட்டிக்காரி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். "என்ற வவுத்துல மண்ணப் போட்டுட்டியேடி, நீ நல்லாவே இருக்க மாட்ட" என்று அவள் மேல் தூற்றினாள். தலையில், சட்டையில் எல்லாம் மண். அவள் நகரவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. லோடுமேன் ஒருத்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான், கிளிஞ்சல் ஜாஸ்தி என்று சொன்னவன். பிறகு அவனும் தரையைப் பார்த்தான்.

பெரியவர் நல்ல மனுசர். எருமப்பட்டிக்காரர்களுக்கு மறுபடியும் குஞ்சு இறக்கிக் கொடுத்தார். பெட்டியையும் தூக்கிப் போடவில்லை, வேறு வழி இல்லையே. அவளைத்தான் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் என்னிடம் வந்து, "எத்தன பேரு வந்தாலும் நம்பிக்கையான ஆளு நீ ஒருத்திதான் அம்மிணி" என்றார். பத்து வருசமாக எந்த வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அந்த வார்த்தை. தலையை ஆட்டினேன்.

இன்னமும் அதே நாற்காலிதான். அவள் பெட்டிதான் இன்றைக்கும் ஓடுகிறது, ஒரு நாள் தவறியதில்லை. குஞ்சுக்கு மாற்றும்போது பொத்தானை அழுத்துவேன், சிவப்பு விளக்கு எரியும், பதினோரு நொடி காத்திருப்பேன். இத்தனை வருசத்துக்கு அப்புறமும் என் பொறாமை போய்விட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. மண்ணை வாங்கிக்கொண்டு நின்றாளே, அப்படி நிற்க எனக்கு முடியவில்லையே என்று இப்போது எரிகிறது. நாற்காலியும் நல்ல பேரும் எனக்கு வந்தும்கூட, அவளிடம் இருக்கிறது என்னிடம் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கிளம்பினதை இன்னும் சொல்லவில்லை. முதலில் உள்ளே வந்து, கூடையைக் கீழே வைத்துவிட்டு, "சுவிட்ச சரியான பக்கம் தள்ளறேனுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தள்ளினாள். பெட்டியை மூடினாள். வெளியே போய்ச் சமையல்காரம்மாவிடம், "போயிட்டு வாரேனுங்க." எடை மேடைக்காரரிடம், லோடுமேன்களிடம் தனித்தனியாக, வாட்ச்மேனிடம், பெரியவரிடம். எருமப்பட்டிக்காரியிடமும் சொன்னாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனாலும் இவள் சொன்னாள். பிறகு ஒயர்க் கூடையை எடுக்க என் அறைக்குள் வந்தாள். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, 'ம்' என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன்.

கூடையை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டினாள். திரும்பாமல் நடந்தாள். சொல்லாமல் போவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.